நகரம் மூச்சுவிட வழி என்ன?

உணவு ஒவ்வாவிட்டால் ஒருவேளை உண்ணாதிருக்கலாம். தண்ணீர் கலங்கியிருந்தால் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கலாம். காற்றை மட்டும் எவரும் தேர்ந்தெடுத்துச் சுவாசிக்க இயலாது. அடுக்குமாடி வீட்டில் உறங்கும் குழந்தைக்கும், சாலையோரம் அமர்ந்து பூத்தொடுக்கும் மூதாட்டிக்கும், குளிரூட்டிய காரில் செல்லும் செல்வந்தருக்கும் கிடைப்பது ஒரே காற்றுத்தான். அந்தக் காற்றைக் கெடுப்பவர் ஒருவர், அதனால் துன்புறுபவர் மற்றொருவர் என்ற நிலையே இந்நாளைய நகர வாழ்க்கையின் பெரிய அநீதிகளுள் ஒன்று எனலாம்.

காற்று மாசு என்றதும் இவ்வட்டாரத்து மக்களுக்கு நினைவு வருவது புகைமூட்டம். 1997-ஆம் ஆண்டின் புகைமூட்டத்தையும், 2013 ஜூன் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்ட நாளையும் எளிதில் மறக்க இயலாது. அப்போது முகக்கவசம் அணிந்தோம், சன்னல்களை அடைத்தோம், கடல் கடந்து வரும் புகையை நொந்துகொண்டோம். ஆனால் அப்புகை சில வாரங்களில் கலைந்துவிடும். சாலைகளில் ஓடும் நம் சொந்த வண்டிகளின் புகையோ ஆண்டு முழுவதும் கலையாதது. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே எவராலும் பேசப்படாதது. முன்னது அயலார் செயல். பின்னது நாமே உண்டாக்குவது. நாமே குறைக்கவும் கூடியது.

குறைக்க முடியுமா என்பது இனியும் ஐயத்துக்குரிய வினா அன்று. சில நகரங்கள் குறைத்துக் காட்டியுள்ளன. சில நகரங்கள் முயன்று பாதி வழியில் நின்றுள்ளன. இவ்விரு வகை நகரங்களின் அனுபவமும் நமக்குப் பாடமாகும்.

புகைக்குழாயிலிருந்து வருவது

பெட்ரோலும் டீசலும் இயந்திரத்துள் முழுமையாக எரிவதில்லை. எரியாத எஞ்சிய பொருள் ஒருபுறம். அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு மறுபுறம். இயந்திரத்தின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. இவையும் எரியாத எண்ணெய் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோன் வாயுவை உண்டாக்குகின்றன. வானின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்கருகே வந்தால் நுரையீரலை வருத்தும்.

இவை யாவற்றினும் கொடியது நுண்துகள். 2.5 மைக்ரோ மீட்டருக்கும் குறைந்த குறுக்களவுடைய இத்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும். மூக்கின் மயிரிழைகளும் தொண்டையின் சளியும் இதனைத் தடுத்து நிறுத்த மாட்டா. நுரையீரலின் அடித்தளம் வரை சென்று, மிக நுண்ணியவை குருதியிலும் கலந்துவிடுகின்றன. ஈளை நோயோடு இதய நோய்க்கும் பக்கவாதத்திற்கும் இதுவே வழி வகுக்கிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐயத்திற்கிடமின்றி அறிவித்தது.

சீராக ஓடும் வண்டியைவிட, நெரிசலில் நின்று நின்று நகரும் வண்டி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதலான புகையைக் கக்கும். எனவே நெரிசலும் மாசும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைக் குறைக்கப் புகுந்த சிங்கப்பூர், மற்றொன்றையும் குறைக்க நேர்ந்தது இதனாலேயே.

1975-இல் எடுத்த துணிவு

1970-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் நகர மையம் காலை வேளைகளில் வண்டிகளால் அடைபட்டுக் கிடந்தது. சாலைகளை அகலப்படுத்திக்கொண்டே போக இச்சிறு தீவில் நிலமில்லை. அகலப்படுத்தினாலும் அந்த அகலத்தையும் வண்டிகளே நிரப்பிவிடும் என்பது பிற நாட்டு நகரங்கள் கற்றுத்தந்த பாடம்.

1975 ஜூன் 2-ஆம் தேதி, உலகில் வேறெந்த நகரமும் செய்யத் துணியாத ஒன்றைச் சிங்கப்பூர் செய்தது. நகர மையத்தில் ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கட்டுப்பாட்டு வட்டாரமாக வரையறுத்து, காலை நேரத்தில் அதனுள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி உரிமக் கட்டணம் விதித்தது. அஞ்சலகங்களில் உரிமச் சீட்டை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நுழைவாயில்களில் நின்ற அதிகாரிகள் வெறும் கண்ணால் பார்த்தே சீட்டில்லாத வண்டிகளின் எண்களைக் குறித்தனர். கணினியும் இல்லை, புகைப்படக் கருவியும் இல்லை. நான்கு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வந்த காருக்குக் கட்டணம் இல்லை.

விளைவு உடனே தெரிந்தது. கட்டுப்பாட்டு நேரத்தில் வட்டாரத்துள் நுழைந்த போக்குவரத்து 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. பலர் பேருந்துக்கு மாறினர். பலர் அண்டை வீட்டாருடன் சேர்ந்து ஒரே காரில் வந்தனர். கட்டுப்பாடு தொடங்கும் முன்னரே விரைந்து வந்து நுழைந்தவர்களும் உண்டு. வட்டாரத்தின் விளிம்பில் காரை நிறுத்திவிட்டுச் சிறப்புப் பேருந்தில் செல்வதற்கென்று அமைக்கப்பட்ட நிறுத்துமிடங்களோ பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தன. காரைப் பாதி வழியில் விடுவதைவிட வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுவது எளிது என்று மக்கள் கண்டுகொண்டனர்.

இங்கே கருத்தூன்றிக் காண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கட்டணம் வந்தது 1975-இல். அதற்கு முன்பே, சிதறிக் கிடந்த பேருந்து நிறுவனங்கள் படிப்படியாக இணைக்கப்பட்டு, 1973-இல் ஒரே நிறுவனமாயின. 1974-இல் பேருந்துகளுக்கெனத் தனித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அதாவது, காரை விட்டு இறங்கச் சொல்லும் முன்னரே, ஏறிக்கொள்ள வேறொரு வண்டியைத் திருத்தி வைத்தனர். மாற்றுவழி முன்னே, கட்டணம் பின்னே என்ற இந்த வரிசையே அத்திட்டத்தின் வெற்றிக்கு அடித்தளம் என்பதில் ஐயமில்லை.

எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு

அடுத்த கட்டங்களும் இதே வரிசையில்தான் அமைந்தன. 1987 நவம்பர் 7-ஆம் தேதி இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் இடையே ஐந்து நிலையங்களுடன் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின்னரே, 1990 மே மாதத்தில், வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு இத்தனை வண்டிகள்தாம் புதிதாகச் சேரலாம் என்று அரசாங்கம் வரம்பு கட்டியது. அவ்வரம்புக்குள் இடம்பெற ஏலத்தில் விலை கூற வேண்டும். பெற்ற உரிமை 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 2018 பிப்ரவரி முதல் கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் ஆண்டு வளர்ச்சி விகிதம் சுழியம் என வரையறுக்கப்பட்டது.

1998-இல் காகிதச் சீட்டுகளுக்கு மாற்றாக மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. வண்டி வளைவைக் கடக்கும்போதே கட்டணம் கழிக்கப்பட்டது. நெரிசல் மிகுந்த நேரத்துக்கு ஒரு விலை, குறைந்த நேரத்துக்கு மற்றொரு விலை என்று சாலைக்குச் சாலை, வேளைக்கு வேளை அது மாறியது.

இம்முறைகளில் குறையே இல்லை என்று கூற முடியாது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழின் விலை 150,000 வெள்ளியைத் தொட்டது. முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நடுத்தரக் குடும்பத்திற்கு இது எட்டாக்கனி. வசதி படைத்தவர் விலை கொடுத்து ஓட்டுகிறார், வசதியற்றவர் நிறுத்திக்கொள்கிறார் என்ற மனக்குறை நியாயமானதே. இதற்கு நேர்மையான மறுமொழி ஒன்றுதான் இருக்க முடியும்: கார் இல்லாதவரின் பயணம் தரம் குறைந்ததாக இருக்கக்கூடாது. 2030-களில் பத்துக் குடும்பங்களில் எட்டுக் குடும்பங்கள் ஒரு ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிட நடைத்தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வகுத்திருப்பதை இந்த நோக்கில்தான் காண வேண்டும்.

எண்ணெய் முதலில், கருவி பின்னர்

வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது ஒரு வேலை. ஓடும் வண்டியைத் தூய்மையாக்குவது மற்றொரு வேலை. இதிலும் வரிசை முறை உண்டு.

இயந்திரம் சீராக ஓடுவதற்கென்று 1920-கள் முதல் பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. அத்துடன், நச்சுவாயுக்களைத் தீங்கற்றவையாக மாற்றுவதற்காகப் புகைக்குழாயில் பொருத்தப்படும் வினையூக்கிக் கருவியையும் அது செயலிழக்கச் செய்துவிடும். பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய அக்கருவியை வாங்கிப் பொருத்தினாலும், எண்ணெயில் ஈயம் இருக்குமானால் அது விழலுக்கு இறைத்த நீரே. சிங்கப்பூர் 1998 ஜூலையில் ஈயம் கலந்த பெட்ரோலை முற்றாக விலக்கியது. உலகில் கார்களுக்கு அதனை இறுதிவரை விற்று வந்த அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திக்கொண்டது.

டீசலில் ஈயத்தின் இடத்தில் இருப்பது கந்தகம். கந்தகம் மிகுந்த டீசலைக் கொண்டு நுண்துகள் வடிகட்டிகளைச் செவ்வனே இயக்க இயலாது. 2005 டிசம்பரில் டீசலின் கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்காகவும், 2013-இல் 10 பங்காகவும் குறைக்கப்பட்டது. எண்ணெய் தூய்மையான பின்னரே கடுமையான புகை விதிகளைப் புதிய வண்டிகளுக்கு விதிக்க முடிந்தது. 2025 ஜனவரி முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்வது நிறுத்தப்பட்டது. 2040-க்குள் எல்லா வண்டிகளும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அண்டை நாடான மலேசியாவும் 2020-இல் ஆர்.ஓ.என். 95 பெட்ரோலைக் கந்தகம் குறைந்த தரத்துக்கு உயர்த்தியது. 2021-இல் டீசலின் தரத்தை மேலும் உயர்த்தியது.

புதுடில்லி தரும் எச்சரிக்கை

எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்போருக்குப் புதுடில்லியின் அனுபவமே விடை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1998 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு பெரும் ஆணை பிறப்பித்தது. தலைநகரின் பேருந்துகள் யாவும் டீசலை விட்டு அழுத்தமூட்டிய இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும். பேருந்துகளின் எண்ணிக்கை 10,000 ஆக உயர வேண்டும் என்பன அதன் முதன்மைக் கூறுகள். எதிர்ப்பும் காலத்தாழ்வும் இருந்தபோதிலும், 2002-ஆம் ஆண்டு முடிவதற்குள் டீசல் பேருந்துகள் நகரச் சாலைகளிலிருந்து மறைந்தன. கரும்புகை கக்கிய பேருந்துகள் போயின. உலகமே அதைப் பாராட்டியது.

ஆனால் ஆணையின் இரண்டாவது கூறு நிறைவேறவில்லை. எரிவாயு வந்தது, போதிய பேருந்துகள் வரவில்லை. காத்திருந்து களைத்த மக்கள் கடன் வாங்கியேனும் இருசக்கர வண்டியையும் காரையும் வாங்கினர். 2017-இல் டில்லியில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்தது. ஒவ்வொரு வண்டியும் முன்னைவிடத் தூய்மையானதே. ஆனால் வண்டிகளின் பெருக்கம் அந்த நன்மையை விழுங்கிவிட்டது. குளிர்காலத்தில் அந்நகரைச் சூழும் நஞ்சுப் பனிக்கு வயல்களில் எரிக்கப்படும் வைக்கோல், தொழிற்சாலை, கட்டுமானத் தூசி எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் ஆண்டு முழுவதும் நிலவும் மாசில் வண்டிகளின் பங்கு பெரிது.

மெக்சிகோ நகரமும் வேறு வகையில் இதே பாடத்தைக் கற்றது. வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு, வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு காரும் ஓடக்கூடாது என்று 1989-இல் அங்கே தடை விதிக்கப்பட்டது. மக்கள் என்ன செய்தனர்? அந்த ஒரு நாளுக்கென்று இரண்டாவது காரை வாங்கினர். அதுவும் பெரும்பாலும் பழைய, புகை மிகுந்த கார். மாற்றுவழி தராத தடை, தந்திரத்தையே வளர்க்கும்.

குழந்தைகளின் நுரையீரலே சான்று

கட்டணத்தால் உண்மையில் நோய் குறையுமா? சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோம் இதனை ஒரு சோதனை போலவே நடத்திக் காட்டியது. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நகர மையத்தில் நெரிசல் கட்டணம் வசூலிக்கப்பட்டது. போக்குவரத்து ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஜூலை முடிவில் கட்டணம் நின்றது. போக்குவரத்து மீண்டும் பெருகியது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. தொடக்கத்தில் எதிர்த்த நகர மக்களில் பெரும்பாலோர், பயனைக் கண்ணால் கண்ட பின்னர் ஆதரித்தனர். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமாயிற்று. பின்னர் நடந்த ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஈளைநோயால் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு வருவது கணிசமாகக் குறைந்தது தெரியவந்தது. அக்குறைவு ஒரே நாளில் நேரவில்லை; காற்றுத் தூய்மையாகிச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே முழுமையாகப் புலப்பட்டது.

லண்டனில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். நெரிசல் மிகுந்த பெருஞ்சாலை ஒன்றின் அருகே வசித்த ஒன்பது வயதுச் சிறுமி, கடும் ஈளைநோயால் 2013-இல் இறந்தாள். அவளுடைய தாயாரின் விடாமுயற்சியால் மறுவிசாரணை நடந்தது. காற்று மாசும் அம்மரணத்திற்கு ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் ஒரு தனிமனிதரின் மரணக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுவே முதன்முறை. 2019-இல் நகர மையத்தில் தொடங்கிய கடும் புகைக்கட்டுப்பாட்டு வட்டாரத்தை லண்டன் மாநகரம் 2023 ஆகஸ்டில் நகர் முழுவதற்கும் விரிவாக்கியபோது எழுந்த பெரும் எதிர்ப்புக்கிடையிலும், அம்மாநகரம் பின்வாங்கவில்லை.

மின்சார வண்டி மட்டும் போதுமா?

மின்சாரக் கார் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் இப்போது பரவலாக உள்ளது. புகைக்குழாய் இல்லாத வண்டி பெரும் நன்மையே. சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. சிங்கப்பூரும் 2030-க்குள் பொதுப்பேருந்துகளில் பாதியை மின்சாரப் பேருந்துகளாக்க முனைந்துள்ளது. நாள் முழுவதும் ஓடும் பேருந்தையும் லாரியையும் முதலில் மாற்றுவதே அறிவுடைமை. எப்போதாவது ஓடும் காரை மாற்றுவதைவிட அதன் பயன் பன்மடங்கு.

எனினும் சக்கரம் தேய்வதாலும் சாலை உராய்வதாலும் எழும் துகள், மின்சார வண்டியிலும் உண்டு. மின்கலத்தால் எடை கூடிய வண்டியில் சக்கரத் தேய்மானம் மிகுவதும் உண்டு. நெரிசல் எவ்வகையிலும் குறையாது. ஆண்டுச் சராசரியில் நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. இத்தனை முயற்சிக்குப் பின்னரும் சிங்கப்பூரின் காற்று அந்த வரம்புக்குள் இன்னும் வரவில்லை. ஆகவே, வண்டியை மாற்றுவதோடு வண்டிகளைக் குறைப்பதும் வேண்டும்.

திருவிழாக் காலத்தில் நம் பங்கு

தைப்பூச நாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை வெறுங்காலுடன் பால்குடமும் காவடியும் சுமந்து செல்வோர், மூச்சு வாங்க நடப்பவர்கள். உழைத்து நடப்பவரின் நுரையீரல், அமர்ந்திருப்பவரின் நுரையீரலைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளிழுக்கும். அவர்களோடு கைக்குழந்தைகளும் முதியோரும் வருகின்றனர். அவர்கள் பக்கத்தில் இயந்திரத்தை அணைக்காமல் நிற்கும் ஒவ்வொரு வண்டியும், அவர்களின் மூச்சில் நஞ்சைக் கலக்கிறது. நிறுத்திய வண்டியின் இயந்திரத்தைத் தேவையின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும் ஆகும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

வழி இல்லையென்று நாம் கூறுவதற்கில்லை. 2003-இல் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் தடம் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா நிலையங்களில் நம்மை ஆலய வாசலுக்கு அருகிலேயே இறக்கிவிடுகிறது. ஊர்வலம் நிறைவுறும் இடத்திற்கருகே ஃபோர்ட் கேனிங் நிலையம் 2017-இல் திறக்கப்பட்டது. மலேசியாவில் 2010 முதல் கொமுட்டர் ரயில் பத்துமலை அடிவாரம் வரை செல்கிறது. பல்லாயிரக்கணக்கானோர் தைப்பூசத்தன்று அதில்தான் வருகின்றனர்.

ஆலய நிர்வாகத்தினரும் உபயகாரர்களும் சிலவற்றை மனங்கொள்ளலாம். அழைப்பிதழில் கார் நிறுத்துமிடத்தைக் குறிப்பதற்கு முன்னால் அருகிலுள்ள ரயில் நிலையத்தையும் பேருந்து எண்களையும் அச்சிடலாம். முதியோர்க்கும் நடக்க இயலாதோர்க்கும் நிலையத்திலிருந்து சிறு பேருந்து ஒன்றை உபயமாக ஏற்கலாம். அன்னதான உபயத்தைப் போலவே அதுவும் பலருக்குப் பயன்படும். வாடகைப் பேருந்து ஓட்டுநர்களிடம் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருக்குமாறு தொண்டர்கள் அன்புடன் கேட்டுக்கொள்ளலாம். ஒரே வட்டாரத்திலிருந்து வரும் குடும்பங்கள் நான்கு கார்களில் வருவதற்குப் பதில், ஒன்றாகப் பேருந்தில் வரலாம். ஓர் ஈரடுக்குப் பேருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்கிறது. அவர்கள் தனித்தனியே காரில் வந்தால் சாலை எவ்வளவு நீளம் அடைபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணெயைத் தூய்மையாக்குவது அரசாங்கத்தின் கடமை. நல்ல பேருந்தையும் ரயிலையும் தருவதும், சாலையின் உண்மை விலையை வசூலிப்பதும் அதன் கடமையே. கிடைத்த மாற்றுவழியைப் பயன்படுத்துவது மட்டும் மக்களின் கையில் உள்ளது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன்தரமாட்டா என்பதற்குப் புதுடில்லியும் மெக்சிகோ நகரமும் சாட்சி. எல்லாம் சேர்ந்தால் காற்றுத் தூய்மையாகும் என்பதற்கு ஸ்டாக்ஹோம் நகரத்துக் குழந்தைகள் சாட்சி. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். ஒரு பக்கத்து வடம் மட்டும் இழுபட்டால் தேர் நகராது, திரும்பிக்கொள்ளும். நகரத்தின் காற்றைத் தூய்மையாக்குவதும் அத்தகைய ஒரு வேலையே. நம் கைக்கு எட்டிய வடத்தை நாமும் பிடித்து இழுப்போமாக.